ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. வேலை எப்போது இப்படி ஆனது?

சிறுசேரிவாசி | ஞாயிறு, இரவு 10:12

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். எனக்கு வயது 38. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கோளாறு வந்தால் சரிசெய்கிற வேலை, பதினான்கு வருடம் ஆகிறது. சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. வேலையும் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான், பிடித்த வேலையும்கூட. ஆனால் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை நாலு, நாலரை மணி ஆனதும் வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்.

போன வாரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையில் பின்னலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவினால் பை காலி. போன் அடுத்த அறையில் சார்ஜரில் இருந்தது, அதிலும் எந்த அழைப்பும் வரவில்லை. இல்லாத போன் என் நெஞ்சின் மேல் அதிர்ந்திருக்கிறது. மகள் "ஏம்ப்பா கை நடுங்குது" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

என் அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் சைடர், நூல் நூற்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். பஞ்சுத் தூசியில் இருமல், மிஷின் சத்தத்தில் காது பாதி மந்தம். ஆனாலும் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். அவர் பட்ட கஷ்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட நான் படவில்லை. அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை. "ஏசியில உட்கார்ந்து வேலை, உனக்கென்ன" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே பல தொழிலில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். இந்த வேலைகளில் அப்படி என்ன இருக்கிறது, இவ்வளவு மன அழுத்தமும் பதற்றமும் வருவதற்கு? யோசித்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:03

தம்பி, நான் 1979ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து 2016ல் ஓய்வு பெற்றவன். வேலை மாறியதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் பேரேடு. சாயங்காலம் டே புக் எழுதி வரவும் பற்றும் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருநாள் 90 ரூபாய் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எட்டரை மணி வரை வவுச்சர் வவுச்சராகப் புரட்டினோம். கடைசியில் பார்த்தால் 540ஐ 450 என்று ஏற்றியிருக்கிறார் ஒருவர். கண்டுபிடித்ததும் அந்தப் பெரிய புத்தகத்தை மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லோரும் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். கஷ்டமான நாள்தான், ஆனால் அது அந்த நாளோடு போயிற்று.

அப்புறம் எல்லாக் கிளைகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது, கணக்கு தானாகவே டேலி ஆயிற்று. நிம்மதி என்றுதான் நினைத்தோம். கொஞ்ச வருடத்தில் சாயங்காலக் கேள்வி மாறிவிட்டது. "இன்னைக்கு எத்தனை இன்ஷூரன்ஸ்?" மேலே இருந்து ஒரு எண் வரும். அந்த எண் என்னுடையது, ஆனால் பாலிசி எடுப்பதும் எடுக்காததும் எதிரில் உட்கார்ந்திருப்பவருடைய விருப்பம். 90 ரூபாய் வித்தியாசத்தை நான் தேடிக் கண்டுபிடிக்கலாம். அடுத்தவர் மனதை எங்கே போய்த் தேடுவது? மார்ச் 31 ராத்திரி வரை ஓடி எண்ணைத் தொட்டால், ஏப்ரல் முதல் தேதி மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பம். மூடுவதற்குப் புத்தகமே இல்லை.

கடைசி வருடங்களில் ஒரு விதவை அம்மாவின் டெபாசிட் முதிர்ந்தபோது அவரிடம் பத்து வருடப் பாலிசி ஒன்றைப் பேசி எடுக்க வைத்தேன். அவருக்கு அப்போது 71 வயது. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் கலைகிறது.

வேளச்சேரி அம்மா | ஞாயிறு, இரவு 11:31

கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நானும் ஐடிதான், டெஸ்டிங்.

எனக்கு வேலையின் அளவு ஒரு பொருட்டே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 3:10க்கு மேனேஜர் சாட்டில் "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று அனுப்பினார். அவ்வளவுதான். "சொல்லுங்க" என்று பதில் போட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை, வேறு மீட்டிங்கில் இருந்தார். நாலரை மணி வரை என்னால் ஒரு வரி வேலை செய்ய முடியவில்லை. போன வாரம் அனுப்பிய மெயில்களை எல்லாம் திறந்து எதில் தப்பு செய்தேன் என்று தேடினேன். வேலை போய்விட்டால் இரண்டு மாதம் சமாளிக்கப் பணம் இருக்கிறதா என்று போனில் கூட்டிப் பார்த்தேன். நாலரைக்கு அவர் கூப்பிட்டு, "அடுத்த மாதம் டீம் லஞ்சுக்கு எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்று கேட்டார்.

அவர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வருடத்தில் எங்கள் தளத்திலேயே மூன்று பேருக்கு "ஒரு நிமிஷம் பேசலாமா" என்றுதான் ஆரம்பித்தது, அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இரண்டுக்கும் ஒரே வாக்கியம் என்னும்போது உடம்பு எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

ரெண்டு சக்கரம் | திங்கள், காலை 7:20

வணக்கம். நான் சாப்பாடு டெலிவரி செய்கிறவன், மூன்று வருடமாக. எங்களுக்கு மேனேஜரே இல்லை. ஆரம்பத்தில் அதுதான் பிடித்தது, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று.

இப்போது சொல்கிறேன், திட்டுகிற முதலாளிகூடப் பரவாயில்லை. அவரிடம் "ஏன் சார்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கலாம். ஹோட்டலில் பார்சல் கட்ட 25 நிமிடம் ஆகும், நான் வாசலில் நிற்பேன். வாடிக்கையாளர் வரைபடத்தில் என் வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எனக்குத்தான் போன் செய்து திட்டுவார், எனக்குத்தான் குறைந்த ஸ்டார் விழும். இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று இருக்கும், ஒரே ஒரு ஆர்டர் பாக்கி. பதினொன்றரை வரை தெருவிளக்குக் கீழே நின்றிருக்கிறேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. ஒருமுறை ஆப்பில் என் கணக்கு மூன்று நாள் பிளாக் ஆனது. உதவிக்குப் போனால் முன்கூட்டியே எழுதி வைத்த நாலு பதில், அதையே திரும்பத் திரும்பக் காட்டும். மூன்றாம் நாள் தானாகத் திறந்தது. எதற்கு மூடியது, எதற்குத் திறந்தது, இன்றுவரை தெரியாது.

2025ல் அண்ணா நகரில் மாநகராட்சி எங்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தார்கள். நல்ல காரியம், நானே போய் உட்கார்ந்திருக்கிறேன், கழிப்பறை இருக்கிறது, போன் சார்ஜ் போடலாம். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்தும் எல்லோருடைய கண்ணும் போனிலேதான் இருக்கும். உடம்பு மட்டும்தான் உட்காரும்.

பதினோரு பேர் | திங்கள், காலை 9:48

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மேனேஜர். பதினோரு பேர் என் டீமில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் வேலையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சிறுசேரிவாசி, உங்கள் அப்பா தூங்கினார் என்கிறீர்கள். அவர் தலைமேல் இருபது வருட வீட்டுக்கடன் இருந்ததா? குழந்தைக்கு எல்கேஜி ஃபீஸ் லட்சத்தில் கட்டினாரா? கூடப் படித்தவன் எந்த ஊரில் எந்த கார் வாங்கினான் என்று படுக்கப் போகும் முன் பார்த்துவிட்டுப் படுத்தாரா? வாழ்க்கையை நாமே இறுக்கிக் கட்டிவிட்டு மூச்சு முட்டுகிறது என்கிறோம். வாடிக்கையாளர் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது, பிரச்சினை வந்தால் நான்கு மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று ஒப்பந்தம், தாண்டினால் அபராதம். அந்தப் பணத்தில்தான் நம் எல்லோருக்கும் சம்பளம். ராத்திரி போன் வரக்கூடாது என்றால் அந்த வேலையே இங்கே வராது.

சிறுசேரிவாசி | திங்கள், மதியம் 1:35

நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கடன் இருக்கிறது. கடன் இருப்பதால்தான் வேலையை விட முடியவில்லை. ஆனால் வயிற்றைப் பிசைவது கடனால் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் ஆன்-கால் (எந்த நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய முறை) இல்லாத வாரங்களில் அதே கடனோடு நான் தூங்குகிறேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி 2:40க்கு போன். வாடிக்கையாளரின் பணம் செலுத்தும் பக்கம் விழுந்துவிட்டது. எழுந்து லேப்டாப்பைத் திறந்து அழைப்பில் சேர்ந்தால் ஏற்கெனவே முப்பது பேர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை "ஸ்டேட்டஸ் என்ன?" என்று ஒரு குரல் கேட்கும், பதில் சொல்ல வேண்டியது நான், ஏனென்றால் அந்த வார ரோஸ்டரில் என் பெயர். உண்மையில் உடைந்தது வேறொரு டீம் சனிக்கிழமை செய்த மாற்றம். அந்தக் கோப்பைத் தொடுகிற அனுமதிகூட என்னிடம் இல்லை. அனுமதி இருக்கிறவர் போலந்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்து வரும்வரை இரண்டு மணி நேரம், எட்டு முறை, "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னேன். எட்டாவது முறை சொல்லும்போது என் குரல் உடைந்தது. பக்கத்தில் மனைவி விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார், பத்து நிமிடத்தில் சரியானது. அறிக்கையில் "சரிசெய்ய எடுத்த நேரம் 2 மணி 25 நிமிடம்", அதற்கு நேராக என் பெயர்.

வேலை அதிகம் என்றால் நான் புலம்பமாட்டேன். அன்றைக்கு நான் செய்ய வேலையே இல்லை.

சமூகப்பணி செங்கை | திங்கள், இரவு 8:15

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மேலே எழுதியிருப்பதை நான் தினமும் வெவ்வேறு வாயிலிருந்து கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிறுசேரிவாசி சொன்ன கடைசி வரிதான் விஷயத்தின் மையம். 1979ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் இதைத்தான் எழுதினார். வேலை ஒருவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று, அந்த வேலையில் அவர் எவ்வளவு முடிவெடுக்க முடிகிறது என்பது இன்னொன்று. நிறையக் கேட்டு, முடிவெடுக்கும் உரிமையும் கொடுத்தால் மனிதர்கள் களைப்பார்கள், ஆனால் வளர்வார்கள். நிறையக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிப்போட்டால்தான் உடைகிறார்கள்.

நம் ஊரில் "பெரிய பதவி, பெரிய டென்ஷன்" என்பார்கள். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் குழுவினர் கணக்கைப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. எல்லோரும் அலுவலகத்தில் மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், யாரும் பட்டினி இல்லை. ஆனாலும் அடிமட்டப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சிப் பதவிக்காரர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையில் தனக்குப் பிடிமானம் இல்லை என்று சொன்னவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது தெரிந்தது.

மணிக்கணக்கும் முக்கியம்தான், அதை ஒதுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, 2016ல் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தவர்கள் சுமார் 7,45,000 பேர். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ போனால் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்கிறது அந்த ஆய்வு.

பதற்றத்துக்கும் சாதாரண பயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாய் துரத்தினால் ஓடுவோம், நாய் போய்விட்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கிவிடும். உடம்பு அதற்காகத்தான் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஆன்-கால் வாரத்தில் நாய் இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது, ஆனால் ஏழு நாளும் காது அது வரும் பக்கமே திரும்பியிருக்கிறது. பைக்குள் இல்லாத போன் அதிர்வது அதனால்தான். அது பைத்தியம் இல்லை, உங்கள் மகளுக்கும் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாமா என்று ஒரு நொடியாவது தோன்றுகிறது என்றால் இந்த இழையில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம்.

மஞ்சள்காடு | திங்கள், இரவு 9:02

ஈரோடு பக்கம் விவசாயம் பண்றவன். இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே "எல்லாத்தையும் விட்டுட்டு ஊர்ல தோட்டம் பார்க்கலாம்" என்று யாராவது எழுதுவார்கள், அதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். மஞ்சள் நட்டு வெட்ட ஒன்பது மாதம். வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் அன்றைய விலையை யாரோ சொல்வார்கள். ஒன்பது மாதம் வேலை செய்யும்போது எனக்குப் பதற்றமே இல்லை. மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டு விலைக்குக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான். சமூகப்பணி அம்மா சொன்னது எனக்குச் சரியாகப் பொருந்துகிறது.

மூணாவது வார்டு | செவ்வாய், காலை 6:40

நைட் முடிந்து பஸ்ஸில் போகிறேன், அதனால் சுருக்கமாக. நர்ஸ், 12 வருடம். உயிர் போகிற வேலைதான் எங்களுடையது. ஆனாலும் ட்யூட்டி ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தோள் இறங்கும். ஒவ்வொரு கட்டிலாக நின்று, இவருக்கு இந்த டிரிப், இத்தனை மணிக்கு இந்த ஊசி என்று அடுத்தவரிடம் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் கிளம்புவேன். அந்தத் தலையாட்டலில்தான் எனக்கு வேலை முடிகிறது.

ஆள் பற்றாக்குறை உள்ள நாட்களில் அது அவசர அவசரமாக நடக்கும். அன்றைக்குத்தான் வீட்டில் குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பதுபோல, எட்டாம் கட்டிலுக்குச் சொன்னோமா என்று அடித்துக்கொள்ளும். பாதி வழியில் இறங்கி வார்டுக்குப் போன் செய்திருக்கிறேன். ஐடி அண்ணன்களுக்கு ஓவர் கொடுக்க யாரும் இல்லை போலிருக்கிறது. வேலை போனுக்குள்ளேயே இருந்தால் யாரிடம் கொடுப்பது?

பதினோரு பேர் | செவ்வாய், காலை 7:20

நேற்று எழுதியதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் அப்ரைசலுக்கு பெல் கர்வ் உண்டு. பதினோரு பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் கடைசித் தட்டுக்குப் போயாக வேண்டும். யார் என்று மட்டும்தான் நான் சொல்லலாம், ஒருவரும் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன பெயர், 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை. பாதி வருடம் அவர் இல்லை என்பதால் காரணம் எழுத எளிதாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணை அவரிடம் நானே சொன்னேன், நான் எடுத்த முடிவு என்பதுபோல. அவர் "சரி சார்" என்றார். நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார்.

அந்த நான்கு மணி நேர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. எத்தனை பேர் இருந்தால் அதைச் செய்ய முடியும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கடன், ஃபீஸ் என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நான் எழுதாமல் விட்டது அதைவிடப் பெரியது.

வேளச்சேரி அம்மா | செவ்வாய், காலை 10:05

சார், நான் அந்தப் பெண் இல்லை. ஆனால் வேறொரு நிறுவனத்தில் எனக்கும் அதே விடுப்புக்குப் பிறகு அதே தட்டுதான் கிடைத்தது. என்னிடம் சொன்னவரும் தன் முடிவு என்பதுபோலத்தான் சொன்னார். பல மாதம் நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடினேன், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட அதே யோசனை. "இது மேலிருந்து வந்த கணக்கு, உன் வேலையில் குறை இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். உங்களுக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. எழுதியது நல்லது. முடிந்தால் அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள்.

பெரம்பூர் தோழர் | செவ்வாய், இரவு 7:30

எல்லோரும் உள்ளுக்குள் தேடுகிறீர்கள், வெளியே இருப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். மில் தொழிலாளி நிம்மதியாகத் தூங்கினார் என்றால் அந்தத் தூக்கத்தை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. எங்கள் பெரம்பூரில் பின்னி மில், பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் என்று முழுப் பெயர். 1918 ஏப்ரல் 27ல் வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது தொழிலாளர்கள் முதலில் வைத்த குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம். அரை மணியில் ஓடிப்போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை. போராடி அது நாற்பது நிமிடம் ஆனது. பத்தே நிமிடம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை முதலாளி தொடக்கூடாது என்று ஆனது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் எல்லை போட்டது.

எல்லை தானாக நிற்காது என்பதற்கு ரொம்பப் பின்னால் போக வேண்டாம். 2023 ஏப்ரல் 21ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கட்டாயம் என்று சட்டத் திருத்தம் வந்ததும் இங்கேதான். ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

உங்களுக்கு சங்கு இல்லை, கேட் இல்லை. பிரான்ஸில் 2017லிருந்து வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இங்கே 2018ல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டம் ஆகவில்லை. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016ல் தெளிவுபடுத்திவிட்டது, எத்தனை பேர் சேர்ந்தீர்கள்? தியானம் செய்யுங்கள், நடைப்பயிற்சி போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆன்-கால் என்றால் எத்தனை மணி, எவ்வளவு படி, மறுநாள் விடுப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பயமாக இருக்கும். நாலு பேராகக் கேளுங்கள்.

சிறுசேரிவாசி | சனி, இரவு 9:50

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பெரம்பூர் தோழர் சொன்னதுபோல ரோஸ்டரில் இருக்கும் ஆறு பேரும் சேர்ந்து ஒரு மெயில் போட்டோம். மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். ராத்திரி அழைப்பு வந்தால் மறுநாள் பாதி நாள் விடுப்பு, அனுமதி இல்லாத கோப்புக்கு அந்த டீமின் ஆளையே நேராக அழைக்கும் முறை, வாரம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து அடுத்தவருக்கு ஓவர் கொடுப்பது. கடைசியை மூணாவது வார்டு அக்காவிடம் கற்றுக்கொண்டோம். இன்னும் பதில் வரவில்லை.

இந்த வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன், காதுக்குப் பக்கத்தில் சத்தமாக. அவர் தூங்கினார் என்று நான் எழுதிய இடத்தில் அம்மா நிறுத்தினார். "எந்த வருசம் தூங்கினாரு? தொண்ணூத்தெட்டுல தூங்கினாரா?" என்றார்.

1998ல் மில்லை மூடினார்கள். எனக்குப் பதினொரு வயது, எனக்குத் தெரியாது. அப்பா தினமும் முதல் ஷிஃப்டுக்குப் போவதுபோல ஆறரைக்குத் தூக்குப்போசியோடு கிளம்புவாராம். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றவர்களோடு நின்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாராம். நான்கு மாதம். ராத்திரி வாசலில் நடந்துகொண்டே இருப்பாராம். நடுவில் கோடை விடுமுறையும் வந்தது, எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்தத் தூக்குப்போசிதான். அதில் தக்காளி சாதம் அப்படியே இருக்கும், நானும் தம்பியும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அப்பா எங்களுக்காக மிச்சம் வைத்துக் கொண்டுவருகிறார் என்று நினைத்திருந்தோம்.

"மிஷின்ல நின்னப்ப எனக்கென்ன பயம்? நூல் அறுந்தா ஒட்டுவேன்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "கேட்ல அவன் ஒட்டற நோட்டீசுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

மஞ்சள்காடு | சனி, இரவு 10:14

எங்கய்யனும் மில்லுதானுங்க, கோன் வைண்டிங். அவரும் அந்த வருசம் கேட்டுல போய் நின்னவரு. அப்பாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க.